குமரிக் கடலோர ஊர்களில் அமைப்புகள் இணைந்து செயல்படுவது எப்படி?

பங்குப் பேரவை (தேவாலயப் பங்கு மக்களின் பிரதிநிதிக் குழு), ஜமாத், ஊர்க் கமிட்டி, மகளிர் குழு என இருப்பவற்றை மக்களின் பாதுகாப்புக்கும் உடல்நலத்துக்கும் எப்படி ஒருங்கிணைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். புதிதாக ஓர் அமைப்பைத் தொடங்குவதைவிட, இருக்கும் அமைப்புகள் வேலையைப் பகிர்ந்துகொள்வதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வீசியபோது, தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்கு ஏற்கெனவே போயிருந்தார்கள். கரையில் ஒலித்த எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. ஆகவே எந்தப் படகில் யார் யார், எந்தத் திசையில், எத்தனை நாளுக்குப் போகிறார்கள் என்பதைப் புறப்படும்போதே மீனவர் கூட்டுறவுச் சங்கமும் பங்குப் பேரவையும் சேர்ந்து பதிவேட்டில் எழுதி, அதன் பிரதியை மீன்வளத் துறைக்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்துக்கும் கொடுத்துவிட வேண்டும். எச்சரிக்கை வந்தால் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் ஆகிய எல்லா ஒலிபெருக்கிகளிலும் ஒரே வாசகம் ஒலிக்கட்டும்.

உடல்நலப் பணியில் ஒரு பகுதி ஏற்கெனவே நடக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்களுக்கு மகளிர் தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுசேர்க்கிறார்கள். தனித்து வாழும் முதியோரின் வீடுகளையும், கடலில் கணவரை இழந்த பெண்களின் வீடுகளையும் பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பங்களின் சிறு குழுக்களான அன்பியங்கள் அந்தத் தன்னார்வலர்களுக்குச் சுட்டிக்காட்டலாம். அப்பெண்களின் துயரத்துக்கு மாத்திரை மட்டும் போதாது; மனநல மருத்துவரிடம் செல்லும்போது அவர்கள் நம்பும் ஒருவர் உடன் போவது மிகவும் அவசியம்.