பார்வை கம்மியா இருக்கற பையனுக்கு ஐக்யூ டெஸ்ட்ல மார்க் குறைஞ்சா அறிவு வளர்ச்சி குறைவுன்னு அர்த்தமா?

பாலக்கோடுல இருந்து கேட்டிருக்கீங்க, எட்டு வயசு பையன், பார்வை ரொம்ப கம்மி, ஐக்யூ குறைவுன்னு எழுதிக் குடுத்துட்டாங்கன்னு. அத அப்படியே நம்பிடாதீங்கம்மா. ரிப்போர்ட்ட எடுத்து எந்தெந்த பகுதிக்கு எவ்ளோ மார்க்னு பாருங்க, கலர் கட்டைய பேட்டர்ன் மாதிரி அடுக்கறது, படத்துல விட்டுப்போனத கண்டுபிடிக்கறது இதெல்லாம் கண்ண நம்பி இருக்கற டெஸ்ட், அதையும் சேர்த்து மொத்தமா ஒரு நம்பர் போட்டா பையனுக்கு அநியாயம். நம்பர கேட்டு திருப்பி சொல்றது, மாங்காய்க்கும் புளிக்கும் என்ன ஒத்துமைன்னு கேக்கறது மாதிரி வாயால பதில் சொல்ற பகுதிய தனியா பாக்கணும், அதுலகூட அவன் தொட்டே பாக்காத பொருள பத்தி கேட்டா திணறத்தான் செய்வான்.

உடம்ப ஆட்டறது, கண்ண விரலால அழுத்தறது, சொன்னதையே திருப்பி சொல்றது இதெல்லாம் பார்வை குறைஞ்ச பிள்ளைங்ககிட்ட நிறையவே இருக்கும், அத மட்டும் வச்சு ஆட்டிசம்னு முடிவு பண்ணக்கூடாது. பிரசவத்துல குழந்தைக்கு ஆக்சிஜன் குறைஞ்சிருந்தா டெஸ்ட் பண்றவங்ககிட்ட கட்டாயம் சொல்லுங்க, அதனால கண்ணு நல்லா இருந்தும் மூளை பார்வைய புரிஞ்சுக்க தடுமாறலாம்.

திருப்பி டெஸ்ட் பண்ணிப் பாக்க, உங்க ஊர்ல இருந்து பெங்களூர் நிம்ஹான்ஸுக்கு (மனநலம், மூளை நரம்புக்கான பெரிய ஆஸ்பத்திரி) ஓசூர் வழியா பஸ்லயே போயிடலாம். கண் டாக்டர் ரிப்போர்ட், கண்ணாடி ரெண்டையும் மறக்காதீங்க, டெஸ்ட்ட தமிழ்லயே வைக்க சொல்லுங்க, வீட்ல தெலுங்கோ கன்னடமோ பேசினா அதையும் முதல்லயே சொல்லிடுங்க.