84 கட்டங்களில் ஒரு பாட்டு

அன்புள்ள சார்,

நான் ஊடகவியல் படிக்கிறேன். இந்தப் பருவத்தில் எங்கள் குழு ஒரு மியூசிக் வீடியோ எடுத்துச் சமர்ப்பிக்க வேண்டும். நண்பர் ஒருவரின் இசைக்குழு தங்கள் சொந்தப் பாட்டைத் தந்திருக்கிறது. மூன்றரை நிமிடப் பாட்டு, பிரிவைப் பற்றியது. படப்பிடிப்புக்கு முன்னால் மியூசிக் வீடியோக்களின் மரபுகளை ஆராய்ந்து ஒரு கோப்பும் தயாரிக்க வேண்டும். மியூசிக் வீடியோக்களை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின் சொன்ன ஆறு அம்சங்களை வைத்து மூன்று வீடியோக்களை அலசி அட்டவணை போட்டுவிட்டோம். குளோசப் இருக்கிறதா, இருக்கிறது. பாட்டு வரிக்கும் காட்சிக்கும் தொடர்பு இருக்கிறதா, இருக்கிறது. எல்லாவற்றுக்கும் டிக் போட்டாகிவிட்டது. ஆனால் அதை வைத்து எங்கள் வீடியோவை எப்படித் திட்டமிடுவது என்றுதான் தெரியவில்லை.

எங்கள் கதை இது. காதலர்கள் பிரிகிறார்கள். அவன் பழையதை நினைத்துப் பார்க்கிறான். இடையிசையில் விபத்து, மருத்துவமனை. கடைசியில் அவள் இறந்துவிட்டது தெரிகிறது. 11 இடங்களில் எடுப்பதாகத் திட்டம். குழுவில் ஒருத்தி மட்டும் கதையே வேண்டாம், பாடகரை மட்டும் எடுக்கலாம் என்கிறாள். மரபுகளைப் பின்பற்றியே ஆக வேண்டுமா? மீறினால் மதிப்பெண் போய்விடுமா? பாட்டையும், காட்சிகளை வரிசையாக வரைந்த ஸ்டோரிபோர்டையும் இணைத்திருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் பாட்டைக் கேட்டேன். அப்புறம்தான் ஸ்டோரிபோர்டைத் திறந்தேன். நல்ல பாட்டு. ஆனால் ஸ்டோரிபோர்டில் அந்தப் பாட்டைக் காணோம். காட்சி எண் இருக்கிறது, இடம் இருக்கிறது, யார் என்ன செய்கிறார்கள் என்பதும் இருக்கிறது. பாட்டின் எந்த இடத்தில் அது வருகிறது என்று ஒரு படத்துக்குக் கீழேகூட எழுதவில்லை. இதே ஸ்டோரிபோர்டை வேறு எந்தச் சோகப் பாட்டுக்கும் ஒட்டவைத்துவிடலாம். உங்கள் குழப்பம் முழுக்க இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

குட்வினின் புத்தகம் 1992ல் வந்தது. அதிலிருந்து வகுப்பறைகளுக்காகச் சுருக்கி எடுத்ததுதான் இந்த ஆறு அம்சங்கள்: இசை வகைக்கே உரிய அடையாளங்கள், வரிக்கும் காட்சிக்கும் உள்ள உறவு, இசைக்கும் காட்சிக்கும் உள்ள உறவு, பாடகரின் முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டச் சொல்லும் இசை நிறுவனத்தின் தேவை, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது, மற்ற படைப்புகளை நினைவூட்டும் குறிப்புகள். அட்டவணை போட வசதியான பட்டியல்தான். ஆனால் குட்வின் போட்ட சண்டை வேறு. அன்று மியூசிக் வீடியோவைப் பற்றி எழுதிய ஆய்வாளர்கள் பலர் அதை ஒரு குட்டி சினிமாவாகப் பாவித்து, இசையைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள் என்பது அவருடைய வாதம். உங்கள் அட்டவணையும் அதையேதான் செய்திருக்கிறது. மூன்றாவது அம்சத்துக்கு மூன்று வீடியோக்களுக்கும் சேர்த்து நீங்கள் எழுதியிருப்பது 'இசைக்கேற்ற எடிட்டிங் உள்ளது' என்ற ஒரே வரி.

மரபு என்று நாம் சொல்வது பெரும்பாலும் யாரோ ஒருவருடைய பிரச்சினைக்குக் கிடைத்த தீர்வு. அது பலருக்கும் பயன்பட்டதால் பழக்கமாகிவிட்டது. குளோசப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1981 ஆகஸ்ட் 1 அன்று எம்டிவி என்ற அமெரிக்க இசைச் சேனல் தொடங்கிய பிறகு, இசை நிறுவனங்களுக்கு இந்த வீடியோக்கள் ஆல்பம் விற்கும் விளம்பரங்கள். முகம் மனதில் பதிந்தால்தான் ஆல்பம் விற்கும். அதனால் முகம், மறுபடி முகம். வியாபாரத்துக்காக வந்த இந்தப் பழக்கத்தை 1990ல் இயக்குநர் ஜான் மேபரி கடைசி எல்லை வரை கொண்டுபோனார். சினேட் ஓ'கானர் பாடிய 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' வீடியோவில் பெரும்பகுதி, கேமராவை நேராகப் பார்த்துப் பாடும் ஒரு முகம்தான். முடிவை நெருங்கும்போது அந்த முகத்தில் கண்ணீர் வழிகிறது. இது மரபைப் பின்பற்றியதா, மீறியதா? இரண்டு பக்கமும் வாதாடலாம், வாதாடி ஒரு பயனும் இல்லை. அந்தப் பாட்டுக்கு அந்த முகம் போதுமானதாக இருந்தது, அவ்வளவுதான். உங்கள் பாடகரின் முகம் அப்படித் தாங்குமா? உங்களில் யாராவது கேமரா வழியாக அவர் பாடுவதை ஒரு முறை முழுதாகப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால், கதையே வேண்டாம் என்கிற தோழியோடு இவ்வளவு சண்டை வந்திருக்காது.

சரி, வேலைக்கு வருவோம். உங்கள் பாட்டின் டெம்போ, அதாவது வேகம், நிமிடத்துக்கு 96 பீட் (தாளத் தட்டு). நாலு பீட் சேர்ந்தது ஒரு பார் என்றால், ஒரு பாருக்கு இரண்டரை வினாடி. 210 வினாடிப் பாட்டில் 84 பார். ஒரு பெரிய தாளில் 84 கட்டங்கள் போடுங்கள். முன்னிசை 8 கட்டம், முதல் சரணம் 16, பல்லவி 8, இரண்டாம் சரணம் 16, பல்லவி 8, இடையிசை 12, கடைசிப் பல்லவி இரண்டு முறை வருவதால் 16. வினாடிக்கு 24 பிரேம் வைத்து எடுக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு பீட்டுக்குச் சரியாக 15 பிரேம், ஒரு கட்டத்துக்கு 60. எடிட்டிங் மேசையில் இந்த எண்கள் உங்களுக்கு மிகவும் உதவும்.

இப்போது ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன கேட்கிறது என்று மட்டும் எழுதுங்கள். காட்சி எதுவும் யோசிக்க வேண்டாம். டிரம்ஸ் எங்கே நுழைகிறது, கிடார் எங்கே நிற்கிறது, பாடகர் எந்த வார்த்தைக்கு முன்னால் மூச்சு இழுக்கிறார். ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். இடையிசையின் ஐந்தாவது பாரில் டிரம்ஸ் அறுந்துபோகிறது. அதற்கப்புறம் பேஸ் கிடாரும், பின்னால் யாரோ முனகுவது போன்ற ஒரு குரலும் மட்டும்தான். எட்டு பார், அதாவது 20 வினாடி. பாட்டிலேயே நல்ல இடம் இதுதான். உங்கள் ஸ்டோரிபோர்டில் சரியாக இங்கேதான் விபத்து, ஆம்புலன்ஸ், ஸ்ட்ரெச்சர், டாக்டரின் முகம் என்று ஒன்பது ஷாட் ஓடுகிறது. பாட்டு அடங்கி உட்காரும் இடத்தில் படம் அலறிக்கொண்டு ஓடுகிறது. இசைக்கு நேர்மாறாகப் படம் போவது தவறில்லை, தெரிந்து செய்தால். நீங்கள் தெரிந்து செய்ததாகத் தெரியவில்லை. நானாக இருந்தால் அந்த எட்டு பாரையும் ஒரே ஷாட்டில் விட்டுவிடுவேன்.

இப்படிக் கட்டம் போடுவதைக் கேலி செய்பவர்கள் குழுவில் இருந்தால், மிஷெல் கோந்த்ரி 2002ல் கெமிக்கல் பிரதர்ஸ் இசைக்குழுவுக்காக எடுத்த 'ஸ்டார் கிடார்' வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள். ரயில் ஜன்னலுக்கு வெளியே காட்சிகள் ஓடுகின்றன, வேறொன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கம்பங்களும் கட்டடங்களும் பாட்டின் ஒவ்வொரு ஒலிக்கும் கணக்காக வந்துபோவது உறைக்கும். கோந்த்ரி அதை முதலில் கிராஃப் தாளில்தான் வரைந்து பார்த்தார். ஆரஞ்சுப் பழம், முள்கரண்டி, புத்தகம், ஷூ என்று கையில் கிடைத்ததை வரிசையாக அடுக்கி, எந்த ஒலிக்கு எந்தப் பொருள் என்று ஒத்திகை பார்த்தார். எனக்கு அந்த வீடியோவைவிட அந்த ஷூ வரிசையின் மீதுதான் ஆசை.

உங்கள் ஆய்வையும் இதே முறையில் திருப்பிச் செய்யுங்கள். பிடித்த மூன்று வீடியோ என்று எடுக்காமல், உங்கள் பாட்டின் வகையிலேயே, ஏறக்குறைய இதே டெம்போவில் உள்ள மூன்றை எடுங்கள். ஒரு முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். அப்புறம் சரணத்தில் எத்தனை ஷாட், பல்லவியில் எத்தனை, வெட்டு பீட்டின் மேலேயே விழுகிறதா, ஓரிரு பிரேம் முன்னதாகவா என்று எண்ணுங்கள். பீட்டுக்கு பீட் வெட்டினால் பத்து வினாடியிலேயே அலுத்துவிடும் என்பது அப்போது உங்களுக்கே தெரியும். 'பல்லவியில் ஷாட்டுகள் இரட்டிப்பாகின்றன, கடைசிப் பல்லவியில் மட்டும் குறைகின்றன' என்று ஒரு வரி எழுத முடிந்தால், அது நூறு டிக்குக்குச் சமம். அதை வைத்துத் திட்டமிட முடியும்.

வரிக்கும் காட்சிக்கும் உள்ள உறவை குட்வின் மூன்றாகப் பிரிக்கிறார். வரியை அப்படியே காட்டுவது, வரிக்கு மேல் ஒன்றைச் சேர்ப்பது, வரிக்குச் சம்பந்தமில்லாமல் போவது. உங்களிடம் முதல் வகை மட்டும்தான் இருக்கிறது. 'கதவு' என்று பாடும்போது கதவு, 'மழை' என்றால் மழை, 'நீ அமர்ந்த நாற்காலி' என்றால் காலி நாற்காலி. கேட்டதையே இன்னொரு முறை பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த நாற்காலி வரிக்கு, மேசை முன்னால் நாற்காலி இருக்கும்போதே அவன் நின்றுகொண்டு சாப்பிட்டால்? நாற்காலியைத் தனியாகக் காட்டவே வேண்டாம். உங்கள் 11 இடங்களில் குறைந்தது ஆறு இப்படியே கழன்றுவிடும்.

இன்னொன்றும் உங்களை இழுத்திருக்கிறது: சினிமாப் பாட்டு. நாமெல்லாம் அதைப் பார்த்து வளர்ந்தவர்கள், அதில் குற்றமில்லை. ஆனால் சினிமாவில் ஒரு சோகப் பாட்டு வரும்போது அந்த இருவரும் நமக்கு ஒரு மணி நேரமாகப் பழக்கம். அவர்கள் பிரிந்தால் நமக்கு வலிக்கும். உங்கள் வீடியோவில் அந்தப் பெண் முதல் சரணத்தில் நாலு ஷாட் சிரிக்கிறாள், அப்புறம் செத்துப்போகிறாள். அவளுக்காக அழ நமக்கு எந்தக் காரணமும் இல்லை. ஸ்டோரிபோர்டை இன்னொரு முறை புரட்டிப் பாருங்கள். அவள் சிரிக்கிறாள், முடியை ஒதுக்குகிறாள், திரும்பிப் பார்க்கிறாள், ஓடுகிறாள், படுத்திருக்கிறாள். எதையாவது செய்கிறாளா? எல்லா ஷாட்டிலும் யாரோ அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சினிமா பெண்களைப் பார்க்கும் விதம் பற்றி சினிமா ஆய்வாளர் லாரா மல்வி 1975லேயே எழுதிவிட்டார். உங்கள் கோப்பில் அவர் பெயர்கூட இருக்கிறது, ஆய்வுப் பகுதியில். அடுத்த பக்கத்தில் தொடங்கும் ஸ்டோரிபோர்டுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

படப்பிடிப்பு பற்றிச் சில விஷயங்கள். பாடகர் வாயை மட்டும் அசைக்காமல் சத்தமாகப் பாட வேண்டும். கழுத்து நரம்பும் மூச்சும் அப்போதுதான் உண்மையாக இருக்கும். போன் ஸ்பீக்கர் போதாது, நல்ல ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிடுங்கள். பாட்டுக்கு முன்னால் இரண்டு பார் வெறும் கிளிக் ஒலி சேர்த்துவிட்டால் எங்கே தொடங்குவது என்ற தடுமாற்றம் இருக்காது. கேமராவின் மைக்கை அணைக்காதீர்கள். அந்தக் கரகரப்பான ஒலியைப் பாட்டோடு பொருத்தித்தான் எடிட்டிங்கில் உதட்டசைவைச் சேர்க்கப்போகிறீர்கள். பாடும் ஷாட்டுகளைத் துண்டு துண்டாக எடுக்க வேண்டாம். வைடு, மிட், குளோசப், கைகள் என நாலு முறை முழுப் பாட்டையும் எடுத்தாலும் மொத்தம் 14 நிமிடப் பதிவுதான்.

ஸ்லோமோஷன் என்று ஐந்து இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், அதில் இரண்டில் அவர் பாடிக்கொண்டே நடக்கிறார். சாதாரணமாக எடுத்துவிட்டு எடிட்டிங்கில் வேகத்தைக் குறைத்தால் உதடு பாட்டை விட்டு நழுவிவிடும். வினாடிக்கு 48 பிரேம் வைத்து, அங்கே பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, அதற்கேற்ப அவரைப் பாடச் சொல்லுங்கள். 24 பிரேமில் ஓட்டும்போது உதடு பாட்டோடு சேரும், உடம்பு மெதுவாக மிதக்கும். கோல்ட்பிளே இசைக்குழுவின் 'யெல்லோ' (2000) வீடியோவில் பாடகர் கிறிஸ் மார்ட்டின் கடற்கரையில் நடந்தபடி பாடும் ஷாட் இப்படி எடுத்ததுதான். அந்த வேகத்தில் பாடும்போது யாருக்கும் சிரிப்பு வரும். முதல் இரண்டு டேக்கைச் சிரித்துத் தீர்க்க விட்டுவிடுங்கள்.

மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மதிப்பீட்டு விதிகளில் எதற்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், அதை குழுவில் எல்லோரும் வாசித்துவிடுங்கள். ஒரு மரபை விட்டுவிட்டால், அது என்ன வேலை செய்கிறது, உங்கள் பாட்டில் அந்த வேலைக்கு ஏன் இடமில்லை என்று கோப்பில் இரண்டு வரி எழுதுங்கள். காரணம் எழுத வரவில்லை என்றால் விட வேண்டாம்.

உங்கள் தோழியின் யோசனையும் உங்கள் கதையும் மோதுவதை மேசையில் உட்கார்ந்து தீர்க்க முடியாது. முதல் பல்லவியின் எட்டு பாரை மட்டும் இரண்டு விதமாகவும் போனில் எடுத்து, பாட்டோடு சேர்த்து ஓட்டிப் பாருங்கள். வெறும் 20 வினாடி, ஒரு மாலைப் பொழுது போதும். பிறகு ஸ்டோரிபோர்டுப் படங்களையும் ஒவ்வொன்றாகப் போனில் பிடித்து 84 கட்டங்களுக்கு மேல் அடுக்கி ஓட்டுங்கள். எங்கே படம் நெரிகிறது, எங்கே ஒன்றுமில்லாமல் கிடக்கிறது என்பது அப்போது தெரியும்.

அப்புறம், நண்பருடைய குழுதானே என்று அனுமதிக் கடிதத்தை விட்டுவிடாதீர்கள். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் வேறு வேறு ஆட்களாக இருந்தால் மூவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். ஒலிப்பதிவுக்குப் பணம் போட்டவர் வேறொருவர் என்றால் அவரிடமும். படப்பிடிப்புக்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.

அன்புடன்.