முகம் பார்க்காத நட்பு

அன்புள்ள ஐயா,

பெயரை வெளியிட வேண்டாம். வயது 36. மூன்று ஆண்டுகளாக முகத்தில் வெண்புள்ளிகள். முதலில் உதட்டோரம் வந்தது, அப்புறம் கண்களைச் சுற்றி. தொற்றாது, உயிருக்கும் ஆபத்தில்லை என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனாலும் நான் கண்ணாடி பார்ப்பதை விட்டு ரொம்ப நாளாகிறது.

கல்லூரித் தோழி ஒருத்தி வெளியூரில் இருக்கிறாள். தினமும் இரவில் போனில் எனக்கு ஒரு கவிதை வாசிப்பாள். வீடியோவில் பேச நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. போன மாதம் ‘அற்றைத் திங்கள்’ பாட்டை வாசித்தாள். குலுங்கிக் குலுங்கி அழுதேன். பறிகொடுக்க எனக்கு மலையும் இல்லை, நாடும் இல்லை. பிறகு ஏன் அழுதேன்? அழுதுவிட்டு நன்றாகத் தூங்கினேன், அதுதான் ஆச்சரியம்.

இதெல்லாம் நிஜத்திலிருந்து ஓடி ஒளிவது என்கிறாள் என் அக்கா. ‘அக அழகுதான் அழகு’ என்று வேறு எல்லோரும் சொல்கிறார்கள். அது முக அழகு போனவர்களுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசுதானே? தோழி அடுத்த மாதம் நேரில் வருகிறேன் என்கிறாள். நான் சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

— ஒரு வாசகி

அன்புள்ள தோழி,

‘ஆறுதல் பரிசு’ என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். மன்னியுங்கள். பெரும்பாலும் அப்படித்தான் அதைக் கொடுக்கிறார்கள். சொல்பவர் தன் முகத்தைக் கண்ணாடியில் ஒரு தரம் சரிபார்த்துவிட்டு வந்து உங்களிடம் அக அழகைப் பற்றிப் பேசுவார். அவரை நம்பாததற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

ஆனால் அந்தச் சொல்லை அவர்களிடமே விட்டுவிடவும் எனக்கு மனமில்லை. ‘குஞ்சி அழகும் கொடுந்தானைக் கோட்டழகும் மஞ்சள் அழகும் அழகல்ல’ என்று தொடங்கும் நாலடியார் பாட்டைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். தலைமுடி, உடையின் கரை, முகத்தில் பூசும் மஞ்சள், எதுவும் அழகில்லை. ‘கல்வி அழகே அழகு’ என்று முடியும். தேர்வுக்கு அந்தக் கடைசி வரி போதும் என்பதால் நடுவில் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. ‘நெஞ்சத்து நல்லம்யாம் என்னும் நடுவு நிலைமையால்’. நாம் நல்லவர்கள் என்று நம் நெஞ்சே, ஒரு பக்கம் சாயாமல், நமக்குச் சொல்ல வேண்டும். இது லேசான காரியமா? நீங்கள் மூன்று வருடமாக உங்கள் வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீலாகவே இருந்துகொண்டிருக்கிறீர்கள். அங்கே நடுவு நிலைமைக்கு எங்கே போவது? அதற்கு இன்னொருவர் வேண்டும். பாட்டில் ‘யான்’ என்று இல்லாமல் ‘யாம்’ என்று இருப்பதை இதற்குச் சாட்சியாகக் கூப்பிடலாம் என்று எனக்கு ஒரு ஆசை. இலக்கணம் தெரிந்தவர்கள் அடிக்க வருவார்கள், போகட்டும்.

இனி நீங்கள் அழுத பாட்டு. புறநானூற்றில் 112ஆவது. ஐந்தே அடி. போன மாதத்து நிலவில் எங்களுக்குத் தந்தை இருந்தார், எங்கள் குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து நிலவில் முரசு முழங்கும் வேந்தர்கள் குன்றைக் கொண்டுவிட்டார்கள், எங்களுக்குத் தந்தையும் இல்லை. பாரியின் பெண்கள் சொன்னது அவ்வளவுதான். துயரம் என்ற சொல் அதில் கிடையாது. கண்ணீர் கிடையாது. எல்லாம் சரியாகிவிடும் என்ற பேச்சும் இல்லை. மாறாத ஒன்றை நடுவில் வைத்து, அதன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிப்போனதை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். உங்களுக்கு அந்த நிலவு எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றும் அதே கண்ணாடி, இன்றும் அதே கண்ணாடி.

இந்த மூன்று வருடத்தில் உங்களைத் தேற்ற முயன்ற ஒவ்வொருவரும் ‘ஒன்றும் போய்விடவில்லை’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். ‘ஆமாம், போய்விட்டது’ என்று முதன்முதலாக உங்களிடம் சொன்னவர்கள் பாரி மகளிர். அதனால்தான் தூக்கம் வந்தது என்று நினைக்கிறேன். அக்காவிடம் இதைச் சொல்லுங்கள். இழப்பை இத்தனை அருகில் கொண்டுவந்து காட்டும் ஒன்றை, ஓடி ஒளிவது என்று எப்படிச் சொல்வது? (நடுவில் ஒன்று: கவிதை தோலுக்கு நிறம் தராது. சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தால் அதை நிறுத்திவிடாதீர்கள்.)

உங்கள் தோழி நல்ல வாசகி. துயரக் கவிதையைத் தேடிப் பிடித்து அவர் அனுப்பவில்லை, தன் குரலில் வாசித்தார். என் அப்பா இறந்த வாரம் எனக்கு மரணத்தைப் பற்றிய கவிதைகள் வந்து குவிந்தன. ஒன்றையும் நான் திறக்கவில்லை. நண்பர் ஒருவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, மழையைப் பற்றிய ஒரு பாட்டை, அதிலும் பாதியை, மறந்து மறந்து சொன்னார். அது இன்னும் காதில் இருக்கிறது.

இனி உங்கள் தோழி வருவதைப் பற்றி. சங்கப் புலவர் பிசிராந்தையாரிடம் ஒருமுறை, இத்தனை வயதாகியும் உமக்கு எப்படி நரைக்கவில்லை என்று கேட்டார்கள். கேள்வி உடம்பைப் பற்றியது. அவருடைய பதிலில் (புறநானூறு 191) உடம்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. மனைவி, மக்கள், ஏவலர், வேந்தன், ஊரில் உள்ள சான்றோர் என்று தன்னைச் சுற்றி இருப்பவர்களை வரிசையாகச் சொல்லி முடித்துக்கொள்கிறார். தலையில் தெரிந்த அழகுக்கு அவர் காட்டிய கணக்கு அது.

அவருக்கும் கோப்பெருஞ்சோழனுக்கும் இருந்த நட்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ‘உணர்ச்சிதான் நட்பாம் கிழமை தரும்’ என்ற குறளுக்கு உரை சொல்லும்போது பரிமேலழகர் இந்த இருவரைத்தான் காட்டுகிறார். சோழன் தன் கடைசி நாட்களில் உண்ணாமல் உயிர்விடுவதென்று வடக்கு நோக்கி அமர்ந்தபோது, பாண்டிய நாட்டிலிருந்து ஆந்தையார் எங்கே வரப்போகிறார் என்று உடனிருந்தவர்கள் சந்தேகப்பட்டார்கள். புறநானூற்றின் 216ஆம் பாட்டு அதற்குச் சோழன் சொன்ன பதில். பெயர் கேட்டால் ‘என் பெயர் சோழன்’ என்று சொல்லும் அளவுக்கு அன்புடையவர் அவர், இப்படியொரு நேரத்தில் அங்கேயே நின்றுவிட மாட்டார், இப்போதே வருவார், ‘ஒழிக்க அவற்கு இடமே’. இன்றைய காதுக்கு ‘ஒழிக்க’ என்றால் கோஷம் போலிருக்கும். வீட்டை ஒழித்து வைப்பது என்கிறோமே, அந்த ஒழித்தல். அவருக்கு இடம் விட்டு வையுங்கள் என்கிறான். ஆந்தையார் வந்தார்.

உங்கள் தோழியும் மூன்று வருடமாக உங்களைக் குரலில் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறார். உங்கள் முகத்தில் என்ன ஆகியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நினைக்கிறேன், அப்படியும் வருகிறேன் என்கிறார். நேரில் பார்க்கும் முதல் நிமிடம் சங்கடமாகத்தான் இருக்கும், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் கண்கள் ஒரு கணம் உதட்டோரத்துக்குப் போகும். போய்விட்டு வரட்டும்.

இன்று இரவு ஒரு மாறுதலுக்கு நீங்கள் வாசியுங்கள். அந்த 216ஐ. பழைய தமிழ் நாக்கில் தடுக்கினால் நிறுத்தி நிறுத்திப் படியுங்கள், அவர் பொறுத்துக்கொள்வார். கடைசி அடி முடிந்ததும் எந்த ரயிலில் வருகிறார் என்று கேளுங்கள்.

அன்புடன்.