குவேக்கர் திருமணத்துக்கு வெளியூரிலிருந்து போகிறவர் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

பிலடெல்பியாவில் நண்பரின் குவேக்கர் திருமணத்துக்குப் போகிறீர்கள். அங்கே எப்படி நடந்துகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் மௌனத்துக்குத் தயாராகுங்கள். குவேக்கர்கள் கிறிஸ்தவத்தின் ஒரு பிரிவினர்; தங்கள் வழிபாட்டைக் கூட்டம் என்பார்கள், திருமணமும் அதிலேயே நடக்கும். மரபான கூட்டத்தில் பாதிரியார் கிடையாது. எல்லோரும் பெஞ்சுகளில் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். ஏதோ தடங்கல் போலிருக்கிறது என்று திரும்பித் திரும்பிப் பார்க்காதீர்கள், சடங்கே அதுதான்.

நடுவே மணமக்கள் தாங்களாகவே எழுந்து, கைபிடித்து உறுதிமொழி சொல்வார்கள். மீண்டும் மௌனம். அப்போது மனதில் பட்டதை யாரும் எழுந்து சொல்லலாம், நீங்களும்தான். ஒருவர் முடித்ததும் சற்று இடைவெளி விட்டு எழுவது மரியாதை. கைதட்ட வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் கைகுலுக்கினால் கூட்டம் முடிந்தது என்று பொருள்.

உடனே சாப்பாட்டுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அழகிய கையெழுத்தில் எழுதிய பெரிய சான்றிதழ் மேசைமேல் விரித்திருக்கும். வந்தவர் அத்தனை பேரும், எழுதத் தெரிந்த சிறுவர்கள் உட்பட, சாட்சியாகக் கையெழுத்திடுவார்கள். வரிசை மெல்லத்தான் நகரும். பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் நடத்திவைப்பவர் இல்லாமலே மணம் முடிக்கத் தனி உரிமம் உண்டு. சட்டத்துக்கு அதில் இரண்டு சாட்சிகள் போதும். ஆனால் பின்னாளில் வீட்டுச் சுவரில் தொங்குவது உங்கள் பெயரும் உள்ள அந்தப் பெரிய தாள்தான்.