டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வரி, மறுக்கப்பட்ட கிளெய்ம்

கேள்வி: என் கணவருக்குக் காய்ச்சலுக்காக டாக்ஸிசைக்ளின் எழுதிக் கொடுத்தார்கள். நான்காம் நாள் எச்சிலைக்கூட விழுங்க முடியாத அளவுக்கு நெஞ்சு வலி வந்து, தனியார் மருத்துவமனையில் மூன்று நாட்கள் இருந்தார். எண்டோஸ்கோப்பியில் உணவுக்குழாயில் புண் இருப்பது தெரிந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அமில எதுக்களிப்பால் வந்த உணவுக்குழாய் அழற்சி, கே 21.0, மூன்று ஆண்டுகளாக அசிடிட்டி உண்டு’ என்று எழுதியிருக்கிறார்கள். பாலிசி எடுத்து ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது என்பதால், ‘முன்பே இருந்த நோய்’ என்று கூறிக் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுத்துவிட்டது. அசிடிட்டிக்காக அவர் எந்த மருத்துவரையும் பார்த்ததில்லை. எப்போதாவது கடையில் ஜெலுசில் வாங்கிக் குடிப்பார், அவ்வளவுதான். குறியீட்டை மாற்றித் தரும்படி மருத்துவமனையைக் கேட்கலாமா?
— வாசகி, தென்காசி

பதில்: குறியீட்டை மட்டும் மாற்றித் தரும்படி தயவுசெய்து கேட்காதீர்கள். கே 21.0 போன்ற ஐசிடி-10 குறியீடு என்பது, உலகளாவிய நோய் வகைப்பாட்டின்படி, மருத்துவர் எழுதிய நோய்முடிவைச் சுருக்கிக் காட்டும் எண். மருத்துவர் எழுதியது அப்படியே இருக்க எண் மட்டும் மாறினால், நிறுவனத்தின் சந்தேகம் வலுப்படும். பணம் மறுக்கப்பட்ட பிறகு அடித்துத் திருத்தப்பட்ட ஆவணம், உண்மையான கோரிக்கையையும் பொய்யானதுபோல் காட்டிவிடும். திருத்தப்பட வேண்டியது நோய்முடிவுதான். அதுவும் உண்மை அப்படி இருந்தால் மட்டுமே.

உண்மை அப்படி இருக்கக்கூடும் என்பதற்கான அடையாளம் நீங்கள் அனுப்பிய எண்டோஸ்கோப்பி அறிக்கையிலேயே இருக்கிறது. முன்பற்களிலிருந்து 25 செ.மீ. தொலைவில், எதிரெதிர்ச் சுவர்களில் இரண்டு புண்கள் என்றும், உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடம் இயல்பாக உள்ளது என்றும் அதில் எழுதப்பட்டுள்ளது. எதுக்களிப்பால் வரும் அழற்சி பெரும்பாலும் குழாயின் கீழ்முனையில் தொடங்கும்; மாத்திரை ஒட்டிக்கொண்டு அரித்த புண்ணோ பெரும்பாலும் நடுப்பகுதியில் காணப்படும். அத்தகைய புண்ணை உண்டாக்கும் மருந்துகளில் நன்கு அறியப்பட்டது டாக்ஸிசைக்ளின். தண்ணீர் போதாமல் விழுங்கிவிட்டு உடனே படுப்பவர்களுக்கு இது நேர்கிறது. சிகிச்சை அளித்த மருத்துவரும் இதை ஏற்றுக்கொண்டால், பொருந்தக்கூடிய குறியீடு உணவுக்குழாய்ப் புண்ணுக்கான கே 22.1 ஆகும். மருந்துகளால் வரும் புண்ணையும் அது உள்ளடக்கும். காரணத்தைக் குறிக்க, டெட்ராசைக்ளின் வகை மருந்துகளின் பக்கவிளைவுக்குரிய ஒய் 40.4 உடன் சேர்க்கப்படலாம். ஆனால் இதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். நானோ, நீங்களோ, மருத்துவமனையின் இன்சூரன்ஸ் பிரிவில் அமர்ந்திருப்பவரோ அல்லர்.

ஆகவே, முதலில் முழு கேஸ் ஷீட்டின் நகலையும் எழுத்து மூலமாகக் கேளுங்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறைகளின்படி, நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். பிறகு மருத்துவரை நேரில் சந்தித்து, காய்ச்சலுக்கான மருந்துச் சீட்டையும் மருந்துக்கடை ரசீதையும் காட்டி, புண்ணுக்கான காரணம் குறித்த அவரது கருத்தைக் கேளுங்கள். அவர் உடன்பட்டால், பழைய சம்மரியைத் தொடாமல், அன்றைய தேதியும் கையொப்பமும் இட்ட கூடுதல் விளக்கக் குறிப்பாக அதை எழுதித் தரட்டும். உடன்படவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அப்போதும் உங்கள் வழக்கு விழுந்துவிடாது.

விழாது என்று சொல்வதற்குக் காரணம் ‘முன்பே இருந்த நோய்’ என்பதற்கு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கொடுத்துள்ள வரையறைதான். 2024ஆம் ஆண்டின் விதிமுறைகளின்படி, பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதங்களுக்குள் ஒரு மருத்துவர் கண்டறிந்த நோயோ, மருத்துவர் ஆலோசனை அல்லது சிகிச்சை அளித்த நோயோதான் அந்த வரையறைக்குள் வரும். பழைய பாலிசிகளில் இந்தக் காலம் 48 மாதங்களாக இருந்தது. இரண்டிலும் மருத்துவர் என்ற சொல் இருக்கிறது. நெஞ்சு எரிந்தபோது கடையில் வாங்கிக் குடித்த ஜெலுசில் அந்த வரையறைக்குள் வராது. சேர்க்கையின்போது இரவுப் பணி மருத்துவர் கேட்ட கேள்விக்கு, வலியில் துடித்தவரோ உடன் வந்தவரோ சொன்ன பதில் மூன்றாண்டு நோயாகப் பதிவாகிவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். எதற்கெல்லாம் பணம் கிடையாது என்று பாலிசியில் சொல்லும் விலக்கு விதியைக் காட்டி மறுக்கும் நிறுவனமே அதற்கான சான்றையும் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நேஷனல் இன்சூரன்ஸ் எதிர் ஈஷர் தாஸ் மதன் லால் வழக்கில் 2007இல் கூறியுள்ளது. முந்தைய மருந்துச் சீட்டோ, பரிசோதனை முடிவோ ஒன்றுகூட இல்லாத நிலையில், அந்த ஒற்றை வரி அவர்களுக்குப் போதுமான சான்று ஆகாது என்பதே என் கருத்து. இருந்தாலும், பாலிசி எடுத்தபோது பூர்த்தி செய்த விண்ணப்பத்தின் நகலை வாங்கி, உடல்நலக் கேள்விகளுக்கு என்ன பதில் தரப்பட்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். முகவரே பூர்த்தி செய்திருந்தாலும் கையொப்பம் உங்கள் கணவருடையது.

இன்னொன்றையும் முன்கூட்டியே கவனிக்க வேண்டும். முதல் காரணம் தளர்ந்தால், ‘வெறும் பரிசோதனைக்காகச் சேர்க்கப்பட்டவர்’ என்ற வேறொரு விலக்கை அவர்கள் எடுக்கக்கூடும். விழுங்க முடியாததால் நரம்பு வழியாக மருந்தும் திரவமும் ஏற்றப்பட்டதைக் காட்டும் செவிலியர் குறிப்புகளே அதற்கு விடை. ஆகவே கேஸ் ஷீட் நகலில் அந்தப் பக்கங்கள் இருக்கின்றனவா என்று சரிபார்த்து வாங்குங்கள்.

இவற்றையெல்லாம் இணைத்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மனு அனுப்புங்கள். எந்த விதியின் கீழ், எந்தச் சான்றின் அடிப்படையில் மறுத்தீர்கள் என்றும், 2024ஆம் ஆண்டின் சுற்றறிக்கை கோருகிறபடி மறுப்புக்கு முன் கிளெய்ம் மறுஆய்வுக் குழுவின் ஒப்புதல் பெறப்பட்டதா என்றும் அதில் கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, மீண்டும் மறுத்தாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்) செல்லலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை அவர் விசாரிப்பார். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அவரது தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு உடன்பாடில்லை என்றால், நீங்கள் நுகர்வோர் ஆணையத்தை நாட முடியும். ஆனால் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருக்கும்போது குறைதீர்ப்பாளர் அதே புகாரை எடுக்க மாட்டார் என்பதால், இந்த வரிசையிலேயே செல்லுங்கள். மனுவுக்கு நிறுவனம் தரும் மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் குறைதீர்ப்பாளரிடம் புகார் சேர வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு; பாதுகாப்பாக இருக்க, அதை முதல் மறுப்பின் தேதியிலிருந்தே கணக்கிடுங்கள். மறுப்புக் கடிதங்கள் வந்த உறைகளையும் மின்னஞ்சல்களையும் அழிக்காமல் வைத்திருங்கள்.