பிக்லிஸ்ட் தரும் ஏபெக்ஸ் கிளாஸ்: கேள்வி பதில்

சேல்ஸ்ஃபோர்ஸில் (வாடிக்கையாளர் தகவலை நிர்வகிக்கும் மென்பொருள்) டிராப்டவுன் பட்டியல்களுக்கு, அதாவது பிக்லிஸ்ட்களுக்கு, அதன் நிரல்மொழியான ஏபெக்ஸில் கிளாஸ் எழுதுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: ஆப் பில்டரில் (பக்கத்தை வடிவமைக்கும் கருவி) என் காம்பொனென்ட்டின் பிராப்பர்ட்டியை அட்மின் கையால் டைப் செய்கிறார், எழுத்துப்பிழையோடு. டிராப்டவுனாக மாற்ற வழி உண்டா, அண்ணா?

பதில்: உண்டு. விஷுவல்எடிட்டர்.டைனமிக்பிக்லிஸ்ட் கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்யுங்கள். கெட்டிஃபால்ட்வேல்யூ, கெட்வேல்யூஸ் இரண்டையும் எழுதியே ஆக வேண்டும். பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு டேட்டாரோ. முதலில் லேபிள் (திரையில் தெரிவது), அடுத்து வேல்யூ (உள்ளே சேமிக்கப்படுவது). பிறகு காம்பொனென்ட்டின் அமைப்புகள் இருக்கும் மெட்டா எக்ஸ்எம்எல் ஃபைலில், டேட்டாசோர்ஸ் என்ற இடத்தில் "ஏபெக்ஸ்://" போட்டு கிளாஸ் பெயரைக் கொடுங்கள். பிராப்பர்ட்டி ஸ்ட்ரிங் டைப்பாக இருந்தால்தான் எடுபடும். இந்தப் பட்டியல் பக்கத்தை வடிவமைக்கும் அட்மினுக்கு மட்டுமே தெரியும். "யூசருக்கு ஏன் வரவில்லை" என்று அடுத்து கேட்காதீர்கள்!

கேள்வி: ராப்பர் கிளாஸ் (சில ஃபீல்டுகளைச் சேர்த்துக் கட்டும் கிளாஸ்) லிஸ்ட்டை எல்டபிள்யூசிக்கு (லைட்னிங் வெப் காம்பொனென்ட், திரையில் காட்டும் ஜாவாஸ்கிரிப்ட் பகுதி) அனுப்புகிறேன். காம்போபாக்ஸ் திறக்கிறது, உள்ளே எழுத்தே இல்லை. எர்ரரும் இல்லை.

பதில்: எர்ரர் வந்திருந்தால் பத்து நிமிடத்தில் பிடித்திருப்பீர்கள். ஆராஎனேபிள்ட் (ஏபெக்ஸை திரைப் பகுதிக்குத் திறந்துவிடும் குறிப்பு) என்பதை மெத்தட் மேல் மட்டும் போட்டிருப்பீர்கள். ராப்பருக்குள் இருக்கும் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் அது வேண்டும். இல்லையென்றால் வெறும் ஆப்ஜெக்ட்தான் வந்து சேரும். அதையும் போட்டாயிற்றா? அப்படியானால் ஃபீல்டு பெயர்களைப் பாருங்கள். லேபிள், வேல்யூ இரண்டும் முழுக்க சின்ன எழுத்தில் இருக்க வேண்டும். ஏபெக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு வேறு வேறு. ஒரே ஒரு பெரிய 'எல்' எழுத்துக்காக நான் அரை நாள் தொலைத்திருக்கிறேன்.

கேள்வி: சார், கெட்டிஸ்கிரைப் (ஃபீல்டின் விவரம் தரும் ஏபெக்ஸ் மெத்தட்) வழியாக ஸ்டேஜ் பட்டியலை எடுத்தால், அந்த ரெக்கார்டு டைப்பில் (ஒரே ஆப்ஜெக்ட்டின் பதிவுகளைப் பிரிக்கும் வகை) இல்லாதவையும் வருகின்றன.

பதில்: அது ரெக்கார்டு டைப்பைக் கண்டுகொள்ளாது. இதற்குக் கிளாஸே வேண்டாம். எல்டபிள்யூசியில் கெட்பிக்லிஸ்ட்வேல்யூஸ் என்ற வயர் அடாப்டருக்கு (டேட்டாவைத் தானாகக் கொண்டுவரும் இணைப்பு) ரெக்கார்டு டைப் ஐடியைக் கொடுங்கள், வடிகட்டியே தரும். ரெக்கார்டு டைப் வைக்காத ஆப்ஜெக்ட் என்றால், கெட்ஆப்ஜெக்ட்இன்ஃபோ தரும் டிஃபால்ட் ஐடி போதும். எழுதாத கிளாஸுக்கு டெஸ்ட் கிளாஸும் எழுத வேண்டியதில்லை. புரொடக்‌ஷனுக்குப் போக 75% கவரேஜ் (டெஸ்ட்டில் ஓடும் கோடின் அளவு) கேட்பார்களே, அந்தத் தலைவலியும் மிச்சம்.

கேள்வி: ஒவ்வொரு அக்கவுண்ட்டுக்கும் காண்டாக்ட் பட்டியல் எடுக்கும் என் கிளாஸ், டேட்டா கூடியதும் விழுந்துவிடுகிறது.

பதில்: லூப்புக்குள் குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி). சரியா? ஒரு சிங்க்ரனஸ் டிரான்ஸாக்‌ஷனில் 100 குவெரிதான் அனுமதி. அக்கவுண்ட் ஐடிகளை ஒரு செட்டில் சேர்த்து, ஒரே குவெரியில் எடுத்து, மேப்பில் பிரித்து வையுங்கள். அப்போதும் மொத்தம் 50,000 வரிகள் என்ற எல்லை இருக்கிறது. அவ்வளவு பேரை டிராப்டவுனில் யார் தேடுவார்கள்? தேடல் பெட்டி வையுங்கள்.

கேள்வி: இஃப் கண்டிஷனில் லேபிளை வைத்து ஒப்பிட்டால் என்ன தப்பு?

பதில்: உங்கள் மொழியில் லாகின் செய்யும்வரை ஒன்றும் இல்லை. லேபிள் மொழிபெயர்ப்புக்கு உட்பட்டது. வேறு மொழி வைத்திருப்பவர் வந்ததும் அந்த இஃப் பொய்யாகிவிடும். வேல்யூவை ஒப்பிடுங்கள்.