20 வார ஸ்கேன்ல குறைன்னு சொல்லிட்டாங்கன்னு கேட்ட திருமங்கலம் தங்கச்சிக்கு

தங்கச்சி, இங்கிலாந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது, 20 வார ஸ்கேன்ல பாப்பா இதயத்துல ஓட்டைன்னுட்டாங்க, டாக்டரம்மா கலைக்கிறதப் பத்தியும் பேசுறாங்க, ஊர்ல அம்மா மதுரைக்குக் கெளம்பி வா கோயிலுக்குப் போனா சரியாகிரும்ங்கிறாங்க, என்ன பண்றதுன்னு கேட்டுருக்க.

அவங்க உன்னையக் கலைக்கச் சொல்லலம்மா. இப்படி ரிப்போர்ட் வந்தா என்னென்ன வழி இருக்குன்னு எல்லாத்துக்கிட்டயும் சொல்லுவாங்க, அதுல இதுவும் ஒண்ணு. நம்மூர் டாக்டர்னா இதச் செய்யின்னு அவரே முடிச்சிருவாரு, இங்க முடிவ நம்ம கையில குடுத்துட்டு மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்துருப்பாங்க, எனக்கு அதுதான் வயித்தக் கலக்குச்சு. பெத்துக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா அதச் சொல்லி நோட்ஸ்ல எழுதச் சொல்லு. முடிவு வரலையா, யோசி. கலைக்கிறதுக்கு 24 வாரம்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, ஆனா கடுமையான பாதிப்புன்னா இங்க சட்டத்துல அந்தக் கெடு கெடையாது, அதுக்காக அவசரப்படாத.

என் பெரியவனுக்கு டெட்ராலஜி ஆஃப் ஃபாலோ, அதாவது பொறக்கும்போதே இதயத்துல நாலு குறை சேந்து வர்றது, அவன் வயித்துல இருக்கும்போதே சொல்லிட்டாங்க. அதே சமயத்துல செல்லூர்ல எங்க மாமாவுக்கு கிட்னி போயி டயாலிசிஸ். அத்தை மஞ்சத் துணியில காசு முடிஞ்சு மாமாவுக்கு ஒண்ணு, வயித்துப் புள்ளைக்கு ஒண்ணுன்னு மீனாட்சி படத்துக்கிட்ட வச்சுட்டு வீடியோ கால்ல காமிப்பாங்க. அவங்க குடுத்து விட்ட திருநீற வயித்துல பூசிக்கிட்டுத்தான் ஸ்கேனுக்குப் போவேன், ஜெல் தடவுன பொண்ணு இது என்னான்னு கேட்டுச்சு, சொன்னதும் அது மேல படாம ஓரமா மெஷின வச்சுப் பாத்துச்சு.

புள்ளைக்கு மொத வயசுக்குள்ள ஆபரேஷன், இப்ப ஸ்கூலுக்குப் போறான், செக்கப் மட்டும் உண்டு. மாமா அவனப் பாக்காமலே போயிட்டாங்க. அத்தை அந்தக் காச உண்டியல்ல போட்டுட்டு கொஞ்ச நாள் சாமிய வைஞ்சுக்கிட்டே இருந்தாங்க, ஆனா வெளக்கு ஏத்துறத நிப்பாட்டல. வேண்டிக்கிறதுன்னா நான் பாத்தது இதுதான், நீயும் தாராளமா வேண்டிக்க, பாண்டி கோயில்ல பொங்கல் வைக்கிறேன்னு அம்மாவையும் நேந்துக்கச் சொல்லு, அவங்களுக்கும் மனசு ஒரு இடத்துல நிக்கணும்ல. தோஷம், யாரு விட்ட சாபமோன்னு ஆரம்பிச்சா மட்டும் போன வச்சுரு. நூறு புள்ளையில கிட்டத்தட்ட ஒண்ணுக்கு இதயத்துல ஏதாவது குறை இருக்கு, நெறையப் பேருக்கு காரணமே தெரியாது. சின்ன ஓட்டைன்னா சிலதுக்குத் தானாவே மூடிக்கும்.

அதனால எந்த ஓட்டை, எம்புட்டு பெருசு, பொறந்த ஒடனே எதுவும் செய்யணுமான்னு அடுத்த அப்பாயின்ட்மென்ட்ல கேளு. மாப்பிள்ளைய மொழிபெயர்க்க வைக்காத, பாதிய அவரே முழுங்கிருவாரு, தமிழ் இன்டர்ப்ரெட்டர் வேணும்னு முன்னாடியே சொன்னா காசில்லாம ஏற்பாடு பண்ணுவாங்க. ஏஆர்சின்னு ஒரு சாரிட்டி இருக்கு, இந்த மாதிரி ரிப்போர்ட் வந்தவங்களுக்குன்னே, அவங்ககிட்டயும் போன்ல பேசலாம். மதுரைக்குப் போறத இதெல்லாம் கேட்டப்பறம் முடிவு பண்ணு, சில குறைக்கு இதய ஆபரேஷன் பண்ற ஆஸ்பத்திரிலயே பிரசவம் வைக்கணும்பாங்க, அதோட 28 வாரம் தாண்டுனா நெறைய ஏர்லைன்ல டாக்டர் லெட்டரும் கேப்பாங்க.